திறந்திருந்த பக்கிள்

என் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழக்கில் துப்பு துலக்கியது என் மூளை இல்லை, என் எடைதான். துப்பறியும் ஆபீஸ் நடத்துகிற எங்கள் மேடத்துக்கு அதில் ஏக சந்தோஷம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மூட்டை என்றுதான் கூப்பிடுவார். நானும் லேசுப்பட்டவன் இல்லை, அவர் முதுகுக்குப் பின்னால் பல்லி என்பேன். ஒரு மூலையில் ஆடாமல் அசையாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ‘ச்ச்’ என்று நாக்கால் ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தம் வந்தால் எவனோ ஒருத்தன் தொலைந்தான் என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு எங்கள் ஆபீஸ் மேசைமேல் ஒரு லைஃப் ஜாக்கெட் கிடந்தது. ஆரஞ்சு நிறம், இன்னும் ஆற்று மண் வாசனை போகவில்லை. கொண்டுவந்தவர் பை தைப்பவர். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, தோள் பை என்று நாற்பது வருடம் தைத்ததில் வலது ஆள்காட்டி விரல் ஒரு பக்கமாகவே வளைந்துபோன மனிதர். பதினெட்டு நாளைக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் இந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே தண்ணீரில் செத்துப்போயிருந்தாள்.

விஷயத்தை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். நான் கோர்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடுகிற ஆறுகளில் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பெண்டாட்டிக்கு அவனே மீட்புப் பயிற்சியும் கொடுத்தான். கவிழ்ந்த படகோ ஆளோ அடித்துக்கொண்டு போனால், முதுகில் கயிறு கட்டிய ஒருவர் தண்ணீரில் குதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் குதித்தது அவள். கயிற்றைப் பிடித்தது அவன். கயிறு பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது, இழுத்து நிறுத்திய வேகத்தில் தண்ணீர் அவளை அமுக்கிவிட்டது என்று போலீஸில் சொல்லியிருக்கிறான். போலீஸும் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. ஜாக்கெட் எனக்கு வேண்டாம், பார்க்கவே முடியவில்லை, மாமாவே வைத்துக்கொள்ளட்டும் என்றானாம் அந்த உத்தமன்.

பைக்காரர் அதை நம்பவில்லை. உடம்பை வெளியே எடுத்தபோது கல்லு மாதிரி நின்றவன், ஊர் ஜனம் கூடிய பிறகுதான் அழ ஆரம்பித்தான் என்றார். மேடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

“யார் கை பட்டு எம்பொண்ணு செத்தா? அத மட்டும் சொல்லுங்கம்மா. அந்தக் கைய நான் பாத்துக்கறேன்.”

சொல்லும்போது மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவர் கை வெளுத்துப்போயிருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேடத்துக்கு அப்படியெல்லாம் ஆகாது. அவர் பாட்டுக்கு ஜாக்கெட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மார்பைச் சுற்றி ஒரு தனிப் பட்டை, முதுகில் அதில் கோர்த்த ஒரு வளையம், முன்னால் ஒரு பக்கிள், இழுத்துத் திறக்கப் பக்கிளில் தொங்குகிற ஒரு சிவப்புக் குண்டு. பக்கிள் திறந்திருந்தது. தண்ணீரிலிருந்து எடுத்தபோதே அப்படித்தான் திறந்திருந்தது, யாரும் தொடவில்லை என்று போலீஸ் குறிப்பே சொன்னது.

“கதவு தெறந்திருக்கு,” என்றார் மேடம். “அப்புறம் ஏன் மூட்டை அவ வெளிய போகல?”

எனக்குத் தெரிந்தால் நான் ஏன் உதவியாளனாக இருக்கிறேன். பூட்டு திறந்ததைக் கதவுக்கு யாரும் சொல்லவில்லையோ என்னவோ என்று கடித்தேன். மேடம் கண்டுகொள்ளவில்லை. பட்டையை விரலால் நெருடிக்கொண்டே போனார். பைக்காரருக்கு அந்தத் துக்கத்திலும் தொழில் புத்தி போகவில்லை பாருங்கள், இந்த ஜாக்கெட்டில் மற்ற தையல் எல்லாம் ஏனோதானோ, நுனியில் இருப்பது மட்டும் நான் தைத்தது, அந்த வெள்ளத்திலும் ஒரு நூல் பிரியவில்லை என்றார். அப்படியானால் உங்களிடமே ஒரு பேன்ட் தைத்துக்கொள்கிறேன், எனக்குத் தையல்தான் நிற்பதில்லை என்றேன் நான். அந்த ஜோக்கை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜாக்கெட்டின் உள்பக்கம் அதை விற்ற கடையின் துணிச் சீட்டு இருந்தது. அதை விட்டால் வேறு துப்பு இல்லை. கிளம்பினோம்.

*

கடை ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கமும் ஜாக்கெட்டுகள், துடுப்புகள், தலைக்கவசங்கள். நடுவில் ஒரு இரும்புத் தூண், தூணைச் சுற்றித் தரையில் தடிமனான மெத்தை. கடைக்காரர் ஒரு காலை இழுத்து நடந்தார். ஆறு தின்றது போக மிச்சம் இதுதான் என்று அவரே காலைத் தட்டிக் காட்டினார். மேடம் ஜாக்கெட்டை என் கைப்பையிலேயே விடச் சொல்லிவிட்டு, இந்த மூட்டைக்கு ஒரு மீட்பு ஜாக்கெட் வேண்டும், எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டார்.

மனிதர் உற்சாகமாகிவிட்டார். ஜாக்கெட்டை எடை பார்த்து எடுக்கக்கூடாது, மார்பளவு பார்த்து எடுக்க வேண்டும் என்றார். போட்டுவிட்டுப் பக்கப் பட்டைகளை இறுக்கினார். பிறகு பின்னால் வந்து தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினார். ஜாக்கெட் காது வரை ஏறினால் பெரிசு, அசையாமல் நின்றால் சரி. பெரிய ஜாக்கெட் போட்டவன் தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், ஆள் அதற்குள்ளே தொங்குவான் என்றார். கை வீச இடம் இருக்கிறதா, பாறையில் ஏறும்போது முன்பக்கம் தடிமன் இடிக்கிறதா, கத்தி எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக என்னை வளைத்து நிமிர்த்திப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. மேடம் மூலையில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த மார்புப் பட்டைக்கு வந்தார். சாதாரண ஜாக்கெட்டுக்கும் மீட்பு ஜாக்கெட்டுக்கும் உயிர் வித்தியாசமே இதுதான் என்றார். விளக்கிச் சொல்வதற்குப் பதிலாக என் முதுகு வளையத்தில் ஒரு கயிற்றை மாட்டி, மறு முனையைத் தூணில் கட்டினார். முன்னால் சாயச் சொன்னார். சாய்ந்தேன். கயிறு என் தொண்ணூற்றெட்டு கிலோவையும் பிடித்து நிறுத்தியது. இப்போது தண்ணீர் உங்களைத் தள்ளுகிறது, கயிறு சிக்கிவிட்டது, சிவப்புக் குண்டை இழுங்கள் என்றார்.

இழுத்தேன். பக்கிள் படக்கென்று திறந்தது. பட்டை சர்ரென்று உருவிக்கொண்டு என்னைச் சுற்றி ஓடிப் பின்பக்கமாக வெளியேறியது. கயிறு, வளையம், பட்டை எல்லாம் தூணோடு நின்றுகொள்ள, நான் மட்டும் மெத்தையில் மூக்குக் குப்புற விழுந்தேன்.

“இப்பிடித்தான் விழணும் சார். விழுந்தா பொழச்சீங்க,” என்றார் கடைக்காரர்.

மூக்கைத் தடவிக்கொண்டே, பிழைத்ததற்கு ரொம்ப நன்றி என்றேன். மேடம் என் கைப்பையைத் திறந்து அந்த ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். இதையும் மூட்டைக்கு மாட்டுங்கள் என்றார். கடைக்காரர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். எனக்கு மாட்டிவிட்டார். பட்டை ஏற்கெனவே பக்கிளுக்குள்தான் இருந்தது, மூடி அழுத்தியதோடு சரி.

செத்தவளின் சட்டையைப் போட்டுக்கொள்வது எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்வதற்குள் மேடத்தின் வாயிலிருந்து ‘ச்ச்’ வந்துவிட்டது. எதற்கு என்று பார்த்தேன். ஜாக்கெட் எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

செத்தவளின் எடை நாற்பத்தாறு கிலோ. போலீஸ் குறிப்பில் இருந்தது. நாற்பத்தாறு கிலோ பெண்ணுக்கு எனக்குப் பொருந்துகிற ஜாக்கெட்டை எந்த மடையன் வாங்கிக்கொடுப்பான்? மடையன் வாங்கிக்கொடுக்க மாட்டான். பயிற்சி கொடுக்கிற ஆள்தான் வாங்கிக்கொடுப்பான்.

சாயச் சொன்னார் மேடம். சாய்ந்தேன். குண்டை இழுத்தேன். பக்கிள் முன்பு போலவே படக்கென்று திறந்தது. பட்டை நாலு விரல் நகர்ந்தது, நின்றுவிட்டது. நான் விழவில்லை. குண்டை மறுபடி இழுத்தேன், உதறினேன், உடம்பை முறுக்கினேன். கயிறு என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மூக்கு உடையாமல் தப்பித்தேன் என்று முதலில் சிரித்தேன். பிறகு கீழே பார்த்தேன். பட்டையின் நுனி இரண்டாக மடித்து, சதுரமாகப் பெட்டித் தையல் போட்டு, நடுவே குறுக்குத் தையலும் போட்டுத் தைத்திருந்தது. அந்த மடிப்பு பக்கிளின் வாயில் வந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு நூல் பிரியவில்லை.

தண்ணீருக்கு அடியில் அவள் இதே குண்டை எத்தனை தடவை இழுத்திருப்பாள் என்று தோன்றியது. கழற்றுங்கள், முதலில் கழற்றுங்கள் என்று கத்தினேன். மேடம் உடனே கழற்றச் சொல்லவில்லை. என்னைத் தொங்கவிட்டபடியே கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈவு இரக்கமில்லாத பல்லி.

கடைக்காரர் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை, தானாகவே எல்லாம் கொட்டினார். புருஷன் பெண்டாட்டி இருவரும்தான் வந்தார்களாம். அவளுக்குச் சின்ன அளவு அளவெடுத்தாற்போல இருந்ததாம், தோளைப் பிடித்துத் தூக்கியும் பார்த்தாராம். புருஷன்தான் பெரிய அளவு போதும், உள்ளே தடிச் சட்டை போடுவாள் என்று பிடிவாதம் பிடித்தானாம். பெரிய ஜாக்கெட்டின் பட்டையை அவள் உடம்புக்கு இறுக்கினால் நுனி முழங்கால் வரை தொங்கியதாம். அவள் உடை மாற்ற உள்ளே போன நேரத்தில், இந்த நுனியை மடித்துத் தைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறான். என் மாமனார் பை தைக்கிறவர், பட்டை நுனி எதைப் பார்த்தாலும் மடித்துத் தைக்காமல் அவர் கை சும்மா இருக்காது என்றும் சொல்லியிருக்கிறான்.

“தைக்கவே கூடாது, தைச்சா கழலாதுன்னேன் மேடம். நம்பலியோன்னு இதே தூண்ல கட்டி, நுனியில ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினேன். அவரு ரெண்டு தடவ செஞ்சு பாத்தாரு.” கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “ரெண்டாவது தடவ கழலாம நின்னப்ப சிரிச்சாரு. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல.”

கேட்டால் போலீஸில் வந்து சொல்வாரா என்று மேடம் கேட்டார். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றார் கடைக்காரர். மேடம் அந்த மடிப்பைப் போனில் போட்டோ எடுத்தார். அதற்குப் பிறகுதான் என்னைக் கழற்றிவிட்டார்கள்.

*

காரில் வரும்போது நான் மேடத்தோடு சண்டை போட்டேன். நமக்கு வேண்டியது மாப்பிள்ளை, அவன் கிடைத்துவிட்டான், கிழவரிடம் தையல் கதையை எடுக்கவே வேண்டாம் என்றேன். ஜாக்கெட்டில் ஏதோ கோளாறு பண்ணிவிட்டான் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், பெற்ற மனம் இதைத் தாங்காது என்றேன். மேடம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். அவன் அந்த ஜாக்கெட்டின் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. தைக்கவில்லை, தைக்கச் சொல்லி நேரில் கேட்டிருக்கவும் மாட்டான். தைத்தது நான்தான், இன்னார் கொடுத்தனுப்பித்தான் தைத்தேன் என்று அந்த மனிதர் வாயால் வந்தால்தான் கடைக்காரர் சொல்வதற்கு உயிர். இல்லாவிட்டால் அவள் எங்கேயோ போய்த் தைத்துக்கொண்டாள், எனக்குத் தெரியாது என்று அவன் கையைக் கழுவிவிடுவான்.

நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. மாமனாரின் தொழிலையே கத்தியாக்கி, அதை அவர் கையாலேயே தீட்ட வைத்திருக்கிறான் அந்தப் பாவி. கையில் கிடைத்தால் நான்கு சாத்து சாத்த வேண்டும் என்று வழியெல்லாம் புலம்பினேன்.

பைக்காரரின் பட்டறை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இரண்டு தையல் மெஷின், ஜிப் சுருள்கள், கறுப்புப் பட்டைக் கட்டுகள், முடிந்த பைகள் ஒரு மூலையில் கூரை வரை. ஒவ்வொரு பையிலும் பட்டையின் நுனி மடித்து, பெட்டி போட்டு, குறுக்கே தைத்திருந்தது. நான் அவற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் அவர் எழுந்து நின்று எங்களுக்கு ஸ்டூல் போட்டார். மேடம் உட்காரவில்லை. சுற்றி வளைக்கவுமில்லை. ஜாக்கெட்டை மெஷின் பலகைமேல் வைத்து, பட்டையைப் பக்கிள் வரை இழுத்துக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார்.

அவருக்கு முதலில் விளங்கவேயில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பொறுமையாகத்தான் பேசினார்.

“பட்டை நுனிய மடிச்சுத் தைக்காம விட்டா, பக்கிள்ளேருந்து உருவிக்கிட்டு வந்துடும்மா.”

“உருவிக்கிட்டு வரணுங்கய்யா,” என்றார் மேடம். “அதுக்காகத்தான் அந்தப் பட்டையே.”

அவர் மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த மடிப்பைப் பார்த்தார். பார்த்தபடியே மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். தெருவில் யாரோ ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

மேடம் விடவில்லை. யார் கொடுத்தனுப்பியது, மகள் என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் பதில் சொன்னார், ஆனால் எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளைதான் கொடுத்தனுப்பியதாகவும், உங்கப்பாவே நுனியைப் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொன்னதாகவும் மகள் சொன்னாளாம். தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே நின்றாளாம். இனிமே அவரோட இருக்க முடியாதுப்பா, நான் இங்கயே வந்துடட்டுமா என்று கேட்டாளாம். கோபத்தில் பேசாதே, அனுசரித்துப் போ என்று சொல்லி, நூலை அறுத்து, ஜாக்கெட்டை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தாராம்.

நீங்கள் கொல்லவில்லை ஐயா, அவன் உங்கள் கையை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான் என்றேன். நாளைக் காலையில் எங்களோடு வந்து இதையே சொல்லிவிடுங்கள், அவன் வெளியே வரவே முடியாது என்று மேடமும் சொன்னார். அவர் குரலில்கூடக் கொஞ்சம் இளக்கம் இருந்தது. பைக்காரர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ஜாக்கெட்டை ஒருமுறை பார்க்கிறேன் என்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மடிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வளைந்த விரலால் தையலைத் தடவினார். பலகையில் கிடந்த பெரிய கத்திரியை எடுத்தார். நாற்பது வருடக் கை. நான் ஸ்டூலிலிருந்து எழுந்திருப்பதற்குள் மடிப்புக்கு மேலே நறுக்கென்று ஒரே வெட்டு. லைட்டரைப் பற்றவைத்து, பட்டையின் வெட்டு வாயில் காட்டினார். நூலெல்லாம் உருகி, கடையில் பார்த்த பட்டைகளைப் போலவே வழவழவென்று ஆகிவிட்டது. வெட்டிய துண்டைக் குறடால் பிடித்து அதே நெருப்பில் காட்டினார். அது கறுத்து, சொட்டி, ஒரு கொட்டையாகச் சுருங்கியது. நாற்றம் தாங்கவில்லை.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்து என்ன பிரயோஜனம். போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம், ஒவ்வொரு தையலும் தெரிகிறது என்று கத்தினேன்.

“தையல் தெரியும் தம்பி. யார் தைச்சதுன்னு போட்டோல தெரியுமா?” என்றார் அவர். “நான் தைக்கல.”

மேடம் அவருக்கு எதிரே குனிந்து, தாழ்ந்த குரலில், உங்கள் மகளைக் கொன்றவன் தப்பித்துவிடுவான் என்றார். அவர் மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“மாப்ள நல்லவரா இருந்தாத்தாம்மா நான் நல்லவன். இல்லேன்னா கொன்னது எங்கைதான்.”

பிறகு எங்களை மறந்துவிட்டவர் போல பலகையில் கிடந்த கரியைத் துடைத்தார். போனை எடுத்தார். எண்களைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினார். மறுமுனையில் எடுக்கும் வரை ஜாக்கெட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். நான் பிடுங்கப் போனேன். மேடம் வேண்டாம் என்று தலையசைத்தார். இனி அதில் பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கு எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

“மாப்ள,” என்றார் பைக்காரர். குரல் ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. “அந்த வீட்ல ஒண்டியா கெடந்து கஷ்டப்படாதீங்க. துணிமணிய எடுத்துக்கிட்டு இங்கயே வந்துடுங்க.”

அந்தச் சின்னப் பட்டறையில் மறுமுனையின் பதில் எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது. சரிங்க மாமா என்றான் அவன்.